கையால் செய்த பேஸ் கிட்டாருக்கு உப்புத்தாள் தேய்ப்பும் எண்ணெய்ப் பூச்சும்: முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் திருமண மேடைகளிலும் தேவாலயப் பாடற்குழுக்களிலும் வாசிக்கும் இளைஞர்கள் சிலர் தங்கள் பேஸ் கிட்டாரைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். மரத்தை அறுத்து வடிவம் கொடுப்பது வரை வேலை பெரும்பாலும் ஒழுங்காகவே போகிறது. கெடுவது அதற்குப் பிறகுதான். ரம்பத் தடமும், ரவுட்டர் என்ற மரம் குடையும் மின்கருவி விட்ட கருகலும் மாறாத உடல்பகுதி கைக்கு வந்தவுடன், இன்று தேய்த்து, நாளை எண்ணெய் பூசி, மறுநாள் தந்தி மாட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

இந்த வழிகாட்டி, உடல்பகுதியும் கழுத்தும் வடிவம் பெற்று, ஆனால் சொரசொரப்பாக இருக்கும் நிலையிலிருந்து தொடங்குகிறது. முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: கெட்டியான சாயம் மரத்தின் குறையை மூடும், எண்ணெய் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே இங்கே எண்ணெயைவிட உப்புத்தாளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. மரம் எது, அது காய்ந்துவிட்டதா

நம் பக்கத்தில் எளிதாகக் கிடைப்பவை ரப்பர் மரப் பலகை, மெராந்தி, ஞாத்தோ, மெர்பாவ், பலா ஆகியவை. எந்த மரம் என்று தெரியாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. ஏனெனில் தேய்க்கும் முறையும் எண்ணெய் குடிக்கும் அளவும் மரத்துக்கு மரம் மாறும்.

பால் வற்றிய ரப்பர் மரங்களை 25 முதல் 30 ஆண்டுகளில் வெட்டிவிடுவார்கள். வெட்டிய மரத்தை உடனே மருந்திட்டுக் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடித்து நீலக் கறுப்புக் கறை உள்ளே இறங்கிவிடும். அந்தக் கறை மேற்பரப்போடு நிற்பதில்லை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எண்ணெய் பட்டால் இன்னும் கறுக்கும். கறை உள்ள துண்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைக்கும் முடிவை ஒட்டும் முன்பே எடுத்திருக்க வேண்டும். கடையில் வாங்கும் ரப்பர் பலகை சிறு துண்டுகளை ஒட்டிச் செய்தது என்பதால், அடுத்தடுத்த துண்டுகளில் நாரின் ஓட்டம் எதிரெதிராக இருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மெராந்தியின் நுண்துளைகள் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. அவற்றை நிரப்பும் வேலை கூடுதலாக இருக்கிறது. மெர்பாவ் ஈரம் பட்டால் பழுப்புச் சாயம் கக்கும். அதன் எடையை நினைத்தால் உடல்பகுதிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன், விரற்பலகைக்கு, அதாவது கழுத்தின் மேல் விரல் வைத்து வாசிக்கும் பலகைக்கு, ஏற்றது. சிவந்த அழகுக்காக ரெங்காஸ் மரத்தைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அதன் பாலும் தூளும் தோலில் கடுமையான அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கக்கூடியவை. புதியவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

காய்ந்ததா என்பதை அறிய ஈரமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சமையலறைத் தராசில் உடல்பகுதியை வைத்து எடையைச் சுவரில் குறித்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு முறை மீண்டும் நிறுக்க வேண்டும். எடை குறைந்துகொண்டே வந்தால் மரம் இன்னும் நீரை விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று வாரம் ஒரே எடையில் நின்றால் தொடங்கலாம். நம் நாட்டுக் காற்றில் திறந்த இடத்தில் கிடக்கும் மரம் 15 சதவீதத்தை ஒட்டிய ஈரத்தில்தான் நிற்கும், அதற்குக் கீழே தானாக இறங்காது. அந்த கிட்டார் பின்னர் குளிர்சாதன அறையில் தங்கப்போகிறது என்றால், அதே போன்ற அறையில் சில வாரம் வைத்த பிறகே தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு முடிந்த பின் மரம் சுருங்கி, ஒட்டிய இணைப்புகள் கோடு கோடாக மேலே தெரியும்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

உப்புத்தாள் 80, 120, 180, 220, 320 ஆகிய எண்களில் வேண்டும். வன்பொருள் கடையில் மலாயில் ‘கெர்த்தாஸ் பாசிர்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள், ஆனால் எண்ணைச் சொல்லாவிட்டால் கையில் கிடைத்தது வரும். எண்ணுக்கு முன் ‘பி’ என்ற ஆங்கில எழுத்து அச்சிட்ட தாளும் அச்சிடாத தாளும் வேறு வேறு அளவுமுறையைச் சேர்ந்தவை. 220 வரை வேறுபாடு பெரிதாகத் தெரியாது. அதற்கு மேல் போகப் போக விலகும். எல்லாவற்றையும் ஒரே முறையில் வாங்கிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. 80 ஆம் எண் தாளை மற்றவற்றைப்போல் இரண்டு மடங்கு வாங்க வேண்டும். பெரும்பாலோர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள்.

தாளைச் சுற்றித் தேய்க்க உள்ளங்கை அளவுக்கு ஒரு தட்டையான மரக்கட்டை வேண்டும். வளைவுகளுக்குப் பழைய ஜப்பான் சிலிப்பரின் (ரப்பர் செருப்பின்) அடிப்பகுதியை வெட்டி எடுத்த துண்டும், ஒரு சாண் நீள ரப்பர் ஹோஸும் போதும். இவற்றோடு மாஸ்கிங் டேப், மென்மையான பென்சில், டார்ச் விளக்கு, கூர்மையான உளி, டர்பன்டைன், நூல் உதிராத பருத்தித் துணி ஆகியவை தேவை. துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியைப் போன்ற துணி வேறு எதுவும் இல்லை; பனியன் துணி இரண்டாம் இடம்.

முகக்கவசத்தை விருப்பப் பொருளாக நினைக்கக் கூடாது. மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களில் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. கைக்குட்டையைக் கட்டிக்கொள்வது போதாது, என்95 வகைக் கவசம் அணிய வேண்டும்.

3. எந்த எண்ணெய்

எண்ணெய் மரத்தில் காய்வது என்பது நீர் ஆவியாவதைப் போன்றதன்று. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, திடமான படலமாக மாறுகிறது. எல்லா எண்ணெய்க்கும் இந்தத் திறன் கிடையாது. அயோடின் எண் என்ற அளவு ஏறத்தாழ 130-க்கு மேல் உள்ளவையே நன்றாக உறையும். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல்; தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டியது; செம்பனை எண்ணெய்க்கு 50 சொச்சம். வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ பூசினால் மரம் அன்றைக்குப் பளபளக்கும், ஆனால் ஆண்டுக்கணக்கில் பிசுபிசுப்பாகவே இருந்து, சிக்கு வாடை பிடித்து, தூசியை இழுக்கும்.

கடைகளில் கிடைப்பவற்றில் மூன்றைப் பரிசீலிக்கலாம். டேனிஷ் ஆயில் என்பது பொதுவாக எண்ணெய், வார்னிஷ், கரைப்பான் மூன்றும் கலந்தது. பூசுவதற்கு எளிது, தவறைப் பொறுத்துக்கொள்ளும். முதல் கிட்டாருக்கு அதையே சொல்வேன். டங் மர விதையிலிருந்து எடுக்கும் தூய டங் எண்ணெய் நீரை நன்கு தாங்கும், ஆனால் நம் ஈரக் காற்றில் ஒவ்வொரு பூச்சும் காய நாள்கள் எடுக்கும். டப்பாவில் ‘டங் ஆயில் ஃபினிஷ்’ என்று எழுதியிருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் மெலிதாக்கிய வார்னிஷ்தான். ஆளிவிதை எண்ணெயில் ‘பாயில்டு’ என்று குறித்ததையே வாங்க வேண்டும். அதில் உலர்த்தும் உலோக உப்புகள் கலந்திருக்கும், பச்சை எண்ணெய் உலர வாரக்கணக்கில் ஆகும்.

4. தேய்க்கும் முன் முழுவதையும் ஒரு முறை பூட்டிப் பார்த்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே மிகுதி. பிரிட்ஜ் (உடல்பகுதியில் தந்திகளைத் தாங்கும் உறுப்பு), பிக்கப் (தந்தியின் அதிர்வை வாங்கும் காந்தம்), டியூனர் (சுருதி முறுக்கி), கழுத்தைப் பிணைக்கும் திருகுகள், வார் மாட்டும் குமிழ் ஆகிய எல்லாவற்றுக்கும் துளையிட்டு, தந்தி மாட்டி, சுருதி கூட்டி, ஓரிரு நாள் அப்படியே விட வேண்டும்.

அதற்குக் காரணம் உண்டு. 34 அங்குல நீளத்துக்கு மாட்டிய நான்கு தந்திகள் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். கழுத்துக் குழி சரியாக இல்லாவிட்டாலோ பிரிட்ஜ் கோணலாக இருந்தாலோ அப்போதுதான் வெளிப்படும். பூச்சு முடிந்த பின் துளையிட்டால் ட்ரில் முனை எண்ணெய்ப் படலத்தைச் சிம்பாகப் பெயர்க்கும், பிரிட்ஜை அரை சென்டிமீட்டர் நகர்த்த வேண்டி வந்தால் பழைய துளை எல்லோர் கண்ணிலும் படும். பிரிட்ஜின் அடியிலிருந்து கட்டுப்பாட்டுக் குழிக்கு (ஒலிக் குமிழ்களும் கம்பிகளும் இருக்கும் குழிக்கு) போகும் தரைக்கம்பித் (எர்த் கம்பி) துளையை மறக்காமல் இப்போதே போட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கழற்றி, திருகுகளை எந்தத் துளைக்கு எது என்று எழுதிய உறைகளில் போட்டு வைக்கலாம்.

5. மூடிவைக்க வேண்டிய இடங்கள்

கழுத்துக் குழியின் உட்சுவரையும் கழுத்தின் அடிப்பகுதியையும் தேய்க்கவே கூடாது. குழியில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தால், கழுத்தின் நீளத்தில் அது பெருகி, நட் (தந்திகளைத் தாங்கும் சிறு கட்டை) இருக்கும் தலைப்பக்க முனையில் 3, 4 மில்லிமீட்டர் ஆட்டமாகிவிடும். ‘ஜி’ தந்தியோ ‘ஈ’ தந்தியோ விரற்பலகையின் ஓரத்தில் போய் நிற்பதற்கு அது போதும். குழியின் மேல் விளிம்பு வரை மாஸ்கிங் டேப் ஒட்டிவிட வேண்டும். கழுத்தைத் திருகால் பிணைக்காமல் பசையால் ஒட்டப்போகிறவர்கள் அங்கே ஒரு துளி எண்ணெயும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் குடித்த மரத்தில் பசை பிடிக்காது.

பிக்கப் குழிகளையும் கட்டுப்பாட்டுக் குழியையும் அப்படியே டேப்பால் மூடலாம். இரைச்சலைத் தடுக்கச் செப்புத் தகடு ஒட்டுவது பூச்சு காய்ந்த பிறகுதான். விரற்பலகையை அதன் ஃபிரெட்டுகளோடு (குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளோடு) சேர்த்து மூட வேண்டும்; அதன் வளைவை உப்புத்தாளால் தொடுவது வேறு ஒரு வேலை, அது இந்த வழிகாட்டிக்குள் வராது.

6. 80 ஆம் எண்: உண்மையான வேலை இங்கேதான்

80 ஆம் எண் தாளின் பணி மரத்தை வழவழப்பாக்குவதன்று. ரம்பத் தடம், ரவுட்டர் கருகல், மேடு பள்ளம் என்று உருவத்தில் உள்ள குறைகளை நீக்கிச் சமன் செய்வதே அதன் பணி. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு தாளும் தனக்கு முந்தைய தாள் விட்ட கீறலை மட்டும்தான் அழிக்கும். 80-இல் விட்ட பள்ளத்தை 220-ஆல் எடுக்க முயல்கிறவர் நாள் முழுவதும் தேய்த்தாலும் பள்ளத்தின் உட்புறத்தைப் பளபளப்பாக்கியிருப்பாரே தவிர பள்ளத்தை எடுத்திருக்க மாட்டார்.

முதலில் உடல்பகுதியின் முன்புறம், பின்புறம் முழுவதும் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் இழுக்க வேண்டும். பிறகு கட்டையில் சுற்றிய தாளால், நாரின் ஓட்டத்தோடு, நீண்ட வீச்சாகத் தேய்க்க வேண்டும். மேடான இடத்தில் கோடு உடனே மறையும், பள்ளத்தில் மிஞ்சி நிற்கும். மிஞ்சிய கோட்டை மட்டும் குறிவைத்து விரலால் தேய்ப்பதுதான் பெருந்தவறு. அது பள்ளத்தை இன்னும் ஆழமாக்கும். சுற்றிலும் உள்ள மரத்தைக் கட்டையால் இறக்கிக்கொண்டு வந்தால் கோடு தானே மறையும்.

கோடுகள் மறைந்ததும் மாலையில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை உடல்பகுதியின் விளிம்பில் ஏறக்குறையப் படுக்க வைத்து ஒளியைப் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். பகலில் சமமாகத் தெரிந்த மரத்தில், இழைப்பான் பற்கள் விட்ட அலைகள் சீரான இடைவெளியில் நிழலாக எழும்பும். மேல் கொம்பின் (உடல்பகுதியில் கழுத்தின் பக்கமாக நீளும் முனையின்) ஓரத்தில் கட்டை நழுவியபோது சரிந்த பகுதியும், இணைப்புக் கோட்டில் ஒரு துண்டு மயிரிழை உயர்ந்து நிற்பதும் அந்த ஒளியில் தப்பாது. மீண்டும் கோடு இழுத்து, மீண்டும் தேய்க்க வேண்டும். “போதுமா அண்ணே?” என்ற கேள்வி இந்தக் கட்டத்தில்தான் வரும். டார்ச் போதும் என்று சொல்லும் வரை போதாது.

கொம்புகளின் உள்வளைவில் கட்டை நுழையாது. ரப்பர் ஹோஸின் மேல் தாளைச் சுற்றி, வளைவின் உள்ளே உருட்டியபடி தேய்க்கலாம். அங்கே தெரிவது பெரும்பாலும் வெட்டுமுகம், அதாவது நாரின் முனைகள். கருகல் அங்குதான் ஆழமாக இருக்கும், நேரமும் அங்குதான் அதிகம் போகும். கருகலைப் பாதியில் விட்டால் எண்ணெய் அதைக் கரிக்கோடாக்கிவிடும். முதுகுப்புறத்து வயிற்றுச் சரிவு, முன்கை படும் சரிவு ஆகியவற்றுக்கு சிலிப்பர் துண்டு வளைந்துகொடுக்கும்.

மின் தேய்ப்பான் வைத்திருப்பவர்கள் சமதளப் பரப்புகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். அழுத்தாமல், விநாடிக்கு 2, 3 சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்தாமல் ஓட்ட வேண்டும். அழுத்தி அவசரமாக ஓட்டினால் பன்றி வால் போன்ற சுழிக்கீறல்கள் விழும். விளிம்புகளில் அதை வைக்க வேண்டாம். ஒரு நொடியில் விளிம்பு உருண்டுவிடும்.

7. பசையும் நசுங்கலும்

120-க்குப் போகும் முன் உடல்பகுதி முழுவதையும் டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். மரம் இருண்டு நிற்கும், பசை படிந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். எண்ணெய் பூசினால் எப்படி இருக்கும் என்பதன் முன்னோட்டமும் இதுவே. பசையை ஈரத்துணியால் துடைத்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் உண்மையில் அதை நீர்த்துப்போகச் செய்து மரத்துளைக்குள் பரப்பியிருப்பார்கள். வெளுத்த இடத்தை உளியின் விளிம்பால் சுரண்டி, மீண்டும் 80-ஆல் தேய்க்க வேண்டும்.

கருவி விழுந்து நசுங்கிய குழியாக இருந்தால் மரத்தை இறக்கித் தேய்க்க வேண்டியதில்லை. ஈரத்துணியை இரண்டாக மடித்துக் குழியின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில விநாடிகள் அழுத்தினால் நீராவி நாரை உப்பச் செய்து மேலே தூக்கும். நார் அறுந்த வெட்டுக்கு இது பலிக்காது. வெட்டுக்கும் ஓட்டைக்கும் மரத்தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அடைக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. எண்ணெய்ப் பூச்சுக்கு அது ஆகாது. பசை எண்ணெயைக் குடிக்காததால் அந்த இடம் தேமல் போல நிற்கும். அதே மரத்தில் சிறு ஆப்பு செதுக்கி, நார் ஓட்டம் பொருந்தும்படி ஒட்டுவதே சரி.

8. 120 முதல் 320 வரை

80 ஆம் எண் தாளின் துகள் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர், 320-இல் அது 0.05-க்கும் கீழே. ஒரே தாவலில் அந்த வேறுபாட்டைக் கடக்க முடியாது. ஆகவேதான் 120, 180, 220, 320 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் மீண்டும் பென்சில் கோடு. கோடு மறைந்ததும் டார்ச். எண் மாறும்போது மரத்தையும் மேசையையும் துடைத்தல். 80 ஆம் எண் தாளிலிருந்து உதிர்ந்த ஒரு துகள் 220-இன் அடியில் சிக்கினால் ஒரு முழ நீளத்துக்குக் கீறிவிடும்.

120-லிருந்து நாரின் குறுக்கே ஒரு வீச்சும் போடக் கூடாது. 80-ஐச் சரியாகச் செய்திருந்தால் இந்த நான்கு எண்களும் சேர்ந்தே அதற்கான நேரத்தில் பாதியைத்தான் கேட்கும். உடல்பகுதியின் வெட்டுமுகங்களை மட்டும் 400 வரை கொண்டுபோவது நல்லது. நாரின் முனைகள் எண்ணெயை அதிகம் உறிஞ்சிக் கறுக்கும், அவற்றை நெருக்கமாகத் தேய்த்துவிட்டால் உறிஞ்சுவது குறைந்து நிறம் மற்ற இடங்களோடு ஒத்துப்போகும்.

9. நீர் தெளித்து நாரை எழுப்புதல்

320 முடிந்ததும் பிழிந்த ஈரத்துணியால் மரம் முழுவதையும் ஒரு முறை துடைத்துவிட்டு, மறுநாள் வரை காயவிட வேண்டும். தடவிப் பார்த்தால் தாடி முளைத்தாற்போல் சொரசொரக்கும். தேய்க்கும்போது மடங்கிப் படுத்த நார்நுனிகள் ஈரம் பட்டு எழுந்துவிட்டன. அவற்றைப் பழைய, தேய்ந்த 320 தாளால் இரண்டு மூன்று மெல்லிய வீச்சில் வெட்டிவிட்டால் போதும். அழுத்தித் தேய்த்தால் புதிய நாரைக் கிளப்பிவிடுவோம்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றால், வியர்வை படும் முன்கைப் பகுதியில் மாதக்கணக்கில் கழித்து அதே சொரசொரப்பு எழும். மெர்பாவ் துண்டு எங்காவது பயன்பட்டிருந்தால் அதை டேப்பால் மூடிவிட்டு நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் சாயம் பக்கத்து வெளிர் மரத்தில் இறங்கும்.

10. முதல் பூச்சு

நாளையும் நேரத்தையும் தேர்ந்துகொள்வது இங்கே முக்கியம். நம் ஊரில் விடியற்காலைக் காற்றில் ஈரம் மிகுதி. பிற்பகலில் இடியோடு மழை. காலை பத்து மணி வாக்கில் பனி விலகியதும் தொடங்கினால் மழைக்கு முன் துடைத்து முடிக்கலாம். வெயிலில் வைத்துப் பூசக் கூடாது. மரம் சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து எண்ணெயைத் துளை வழியாக வெளியே தள்ளும். லாரி ஓடும் செம்மண் சாலையை ஒட்டிய வீடானால் தரையில் முதலில் நீர் தெளித்துவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பூச வேண்டும்.

தூசியைத் தூரிகையால் தட்டி, டர்பன்டைன் துணியால் துடைத்து, அது ஆவியாகும் வரை காத்திருக்க வேண்டும். டங் எண்ணெயானால் முதல் பூச்சுக்கு மட்டும் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்யலாம், அப்போது ஆழமாக இறங்கும். டேனிஷ் ஆயிலில் கரைப்பான் ஏற்கெனவே இருப்பதால் எதுவும் கலக்க வேண்டியதில்லை.

எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் துணியால் பரப்ப வேண்டும். வெளிர் ரப்பர் மரம் தேன் நிறத்துக்கு மாறும், மெராந்தி சிவந்து எழும். கீறல் ஏதாவது தப்பியிருந்தால் அது இப்போது பிறை வடிவில் வெளுத்துத் தெரியும். உலர்ந்த திட்டு தோன்றும் இடத்தில் மேலும் ஊற்றி, 15 முதல் 30 நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து, பிறகு மேலே நிற்கும் எண்ணெய் முழுவதையும் துடைத்து எடுத்துவிட வேண்டும். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டாத அளவுக்குத் துடைப்பது அவசியம். மிச்சம் வைத்தால் மின்னும் என்று எண்ணி விடுபவர்களுக்குக் கிடைப்பது பிசின் போன்ற பசைப்படலம்தான்.

துடைத்து முடித்துவிட்டுப் போய்விடவும் கூடாது. மெராந்தி போன்ற மரத்தில் துளைகளிலிருந்து எண்ணெய் ஊசிமுனைப் பொட்டுகளாக மீண்டும் கசியும். முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அரை மணிக்கு ஒரு முறை வந்து துடைக்க வேண்டும். உறைந்த பொட்டுகளை அகற்ற மறுபடி உப்புத்தாள்தான் வழி. கழுத்துத் திருகுத் துளையில் கம்பி கோத்துத் தொங்கவிட்டால் எல்லாப் பக்கமும் காற்றுப் படும். மழைக்குப் பிந்திய மாலையில் அந்த அறையில் விளக்கு எரியக் கூடாது, ஈசல் வந்து விழும்.

11. துணியைப் பற்றிய எச்சரிக்கை

எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. கசக்கி எறிந்த துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், தீப்பொறி எதுவுமின்றித் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெயில் இந்த ஆபத்து மிக அதிகம். பயன்படுத்திய துணியைக் குப்பைக்கூடையிலோ மரத்தூளின் மேலோ போடக் கூடாது. வெளியே வேலியிலோ சிமெண்டுத் தரையிலோ ஒற்றைப் பரப்பாக விரித்து, விறைப்பாகும் வரை காயவிட வேண்டும். அல்லது நீர் நிறைந்த தகர டப்பாவில் முக்கி மூட வேண்டும். பலகை வீடுகளில் இருப்பவர்கள் இதில் ஒரு நாளும் அலட்சியம் காட்டக் கூடாது.

12. அடுத்த பூச்சுகளும் துளை நிரப்புதலும்

டேனிஷ் ஆயிலுக்கு வறண்ட நாளில் 24 மணி நேர இடைவெளி போதும். மழை தொடர்ந்தால் 48 மணி நேரம் விட வேண்டும், டங் எண்ணெய்க்கு அதற்கும் மேல். கடிகாரத்தைவிட மூக்கை நம்பலாம்: அருகில் முகர்ந்தால் எண்ணெய் வாடை கூர்மையாக இருந்தால் இன்னும் காயவில்லை. 320 தாளால் ஓரிடத்தில் மெல்லத் தேய்த்தால் வெள்ளைத்தூள் உதிர வேண்டும், தாளில் பிசுக்கு உருண்டால் காத்திருக்க வேண்டும்.

துளை நிரப்புவதை இரண்டாம் பூச்சில் செய்யலாம். மரத்தில் எண்ணெய் ஊற்றி, அந்த ஈரத்திலேயே, நீரில் நனைக்கத்தக்க கறுப்பு 400 தாளால் நாரோடு தேய்த்தால் மரத்தூளும் எண்ணெயும் கலந்து குழம்பாகும். அந்தக் குழம்பை நாரின் குறுக்கே துணியால் இழுத்துத் துளைகளுக்குள் திணித்து, மிச்சத்தை வழித்து எடுத்துவிட்டு இரண்டு நாள் விட வேண்டும். நாரோடு இழுத்துத் துடைத்தால் துளைக்குள் போனதெல்லாம் வெளியே வந்துவிடும். மெராந்திக்கு இதை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். துளைகள் தெரிந்தாலும் பரவாயில்லை என்று விடுவதும் ஒரு ரசனைதான்; ஒலியில் எந்த வேறுபாட்டையும் நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு மூன்று நான்கு மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றையும் துணியால் தடவி, பத்து நிமிடத்தில் துடைத்தெடுக்க வேண்டும். முன்புறத்துக்கு எத்தனை பூச்சோ அத்தனை பூச்சு பின்புறத்துக்கும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஈரத்தை அதிகம் வாங்கினால் பலகை வளையும்.

பூச்சுகளுக்கு இடையே மெருகேற்ற இரும்புக் கம்பளியைச் சொல்பவர்கள் உண்டு. கிட்டாருக்கு அதை நான் ஒப்புவதில்லை. அதன் தூள் பிக்கப் காந்தத்தில் போய் ஒட்டும், மரத்துளைக்குள் தங்கிய துகள் நம் ஈரக் காற்றில் துருப்பிடித்துக் கறும்புள்ளியாகும். சாம்பல் நிற நைலான் தேய்ப்புப் பட்டை அதே வேலையைச் செய்யும்.

13. கழுத்து

கழுத்தின் பின்புறத்தை நீளவாட்டில் மட்டும் தேய்த்தால் தட்டையான பட்டைகள் விழும். 80, 120 இரண்டிலும் துணி ஒட்டிய தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, காலணிக்கு மெருகு போடுவதைப்போல் இரு கையாலும் குறுக்கே இழுத்து உருட்சியைச் சமன் செய்ய வேண்டும். 180-லிருந்து நீளவாட்டில் தேய்த்து அந்தக் குறுக்குக் கீறல்களை அழிக்க வேண்டும். நாரின் ஓட்டத்துக்குக் குறுக்கே தேய்க்கக் கூடாது என்ற விதிக்கு இது ஒன்றே விலக்கு.

அளவுகோலைவிடக் கையே இங்கே நல்ல கருவி: கண்ணை மூடிக்கொண்டு முதல் ஃபிரெட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃபிரெட் வரை கட்டைவிரலை ஓட்டினால் மேட்டை உடனே உணர்த்தும். கழுத்துக்கு மிக மெல்லிய பூச்சுகளே போதும். தடித்த படலம் வியர்த்த கையைப் பிடித்து நிறுத்தும். தலைப்பகுதியின் முகத்தையும் டியூனர் துளைகளின் உள்விளிம்பையும் மறக்காமல் பூச வேண்டும், ஈரம் நுழைவது அந்தத் துளைகள் வழியாகத்தான்.

14. காத்திருந்து பூட்டுதல்

கடைசிப் பூச்சுக்குப் பின் குறைந்தது ஒரு வாரம், டங் எண்ணெயானால் ஒரு மாதம், காற்றோட்டமான நிழலில் விட வேண்டும். தொட்டால் காய்ந்தது போலிருக்கும் பூச்சு உள்ளே இன்னும் மென்மையாக இருக்கும். அப்போது பிரிட்ஜை முறுக்கினால் அதன் விளிம்பு அச்சுப் பதியும், நுரைப் பட்டையுள்ள தாங்கியில் நிறுத்தினால் நுரை ஒட்டிக்கொள்ளும். காத்திருக்கும் நாள்களில் குழிகளின் டேப்பை உரித்துச் செப்புத் தகடு ஒட்டும் வேலையைப் பார்க்கலாம். டேப்பை உரிக்கும்போது ஓரமாக, தாழ்வான கோணத்தில் இழுக்க வேண்டும்.

திருகுகளின் மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு முறுக்கினால் இறுகாமல் இறங்கும்; கடின மரத்தில் திருகின் தலை முறிவதும் தவிரும்.

15. பிறகு வரும் குறைகள்

மேற்பரப்பு பிசுபிசுத்தால் துடைக்காமல் விட்ட எண்ணெயே காரணம். டர்பன்டைன் நனைத்த நைலான் பட்டையால் தேய்த்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்து, நான்கு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். அதன் மேல் இன்னொரு பூச்சு போட்டு மூட முயன்றால் இரண்டும் காயாது.

வெண்மையான கீறல் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் 220, 320 என்று தேய்த்து மீண்டும் எண்ணெயிடலாம். எண்ணெய்ப் பூச்சின் பெரிய வசதி இது. கெட்டியான வார்னிஷில் இப்படி ஓரிடத்தை மட்டும் சீராக்கினால் ஒட்டுப்போட்ட தடம் தெரியும்.

முன்கை படும் இடம் ஓராண்டு வாசிப்பில் மங்கும். தந்திகளைக் கழற்றி, ஈரத்துணியால் வியர்வை உப்பைத் துடைத்து, காய்ந்தபின் அதே எண்ணெயில் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்துத் துடைக்க வேண்டும். எந்த எண்ணெய், எந்த நிறுவனத்தின் டப்பா என்பதைக் கட்டுப்பாட்டுக் குழி மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்தால், அடுத்த முறை கடைக்குப் போகும்போது யோசிக்க வேண்டியிருக்காது.